களையெடுத்த கைக்குப் பணம் போய்ச் சேர: பெங்களூரில் கூட்டாக இயற்கை விளைபொருள் வாங்கும் முறை

பெங்களூரில் இயற்கை விளைபொருள் விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை. அங்கே வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது, இதற்கு மருந்து அடித்திருக்கிறார்களா என்பதைத்தான். அது நியாயமான கேள்வி. ஆனால் மருந்து அடிக்காத கொல்லையில் அந்த மருந்து செய்திருக்கக்கூடிய வேலையை யார் செய்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. களைக்கொல்லி தெளிக்காத ராகிக் கொல்லையில் களைக்கொத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு களையெடுப்புக்கும் குனிந்து நிமிர்பவர்கள் பெண்கள். ரசாயன உரத்துக்குப் பதிலாக ஊற்றும் ஜீவாமிர்தக் கரைசலை ஓர் ஏக்கருக்குத் தயாரிக்க இருநூறு லிட்டர் தண்ணீரும் பத்துக் கிலோ சாணமும் வேண்டும். அவற்றைச் சுமந்து வந்து, கோமியமும் வெல்லமும் பயறு மாவும் சேர்த்து, இரண்டு நாள் காலையும் மாலையும் கலக்கிவிடுபவர்களும் பெரும்பாலும் பெண்களே. இயற்கை வேளாண்மைக்கு மாறிய வீட்டில் உரக்கடைக்குப் போகும் பணம் மிச்சமாகிறது. அந்த மிச்சத்தின் பெரும்பகுதி வீட்டுப் பெண்ணின் இடுப்புவலியாக மாறியிருக்கிறது. ஆகவே நாம் கொடுக்கும் விலையில் அவளுடைய நாட்கள் எண்ணப்பட்டிருக்க வேண்டும், அந்தப் பணம் அவள் கையிலேயே சேரவும் வேண்டும்.

அல்சூரில் எங்கள் தெருவையும் பக்கத்துத் தெருக்களையும் சேர்ந்த இருபத்திரண்டு குடும்பங்கள் ஆறு ஆண்டுகளாகத் தமிழ்நாட்டுக் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளிக்கு அருகிலுள்ள பதினொரு பெண்களிடமிருந்து ராகி, சாமை, துவரை, கொள்ளு, புளி, காய்கறி ஆகியவற்றை நேரடியாக வாங்கி வருகின்றன. இப்படி ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று விவேக்நகரிலிருந்தும் பானஸ்வாடியிலிருந்தும் சிலர் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே, எங்கள் தவறுகளையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

எத்தனை வீடு, என்ன பொருள்

பதினைந்து முதல் இருபத்தைந்து வீடுகள் வரை சரியான அளவு. பதினைந்துக்குக் குறைந்தால் வண்டி வாடகை ஒவ்வொரு வீட்டின் தலையிலும் கனமாக விழும். இருபத்தைந்தைத் தாண்டினால் ஒரு வீட்டுத் திண்ணையோ வாகன நிறுத்துமிடமோ மூட்டைகளுக்குப் போதாது. கணக்கெழுதுவதும் ஒருவருக்கு முழுநேர வேலையாகிவிடும். ஆர்வத்தோடு கைதூக்குகிறவர்களின் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். ஒரு மாதத்தில் உங்கள் வீட்டில் உண்மையிலேயே எத்தனை கிலோ ராகி, எத்தனை கிலோ பருப்பு செலவாகிறது என்று ஒவ்வொருவரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கள் முதல் பட்டியலில் நாற்பது பெயர்கள் இருந்தன. இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு பதினெட்டு வீடுகளே மிஞ்சின. அந்தப் பதினெட்டும் இன்றுவரை இருக்கின்றன.

தொடக்கத்தில் கெட்டுப்போகாத பொருள்களை மட்டும் வாங்குங்கள். ராகி, துவரை, கொள்ளு, நிலக்கடலை, புளி ஆகியவை ஒரு வாரம் தாமதமாக வந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. நாங்கள் ஆசைப்பட்டுக் கீரையில் தொடங்கினோம். சித்திரை வெயிலில் விடியற்காலை பறித்த கீரைக் கட்டுகள் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் சிக்கி, பதினோரு மணிக்கு மேல் வாடி வதங்கி வந்து சேர்ந்தன. பறித்தவர்களின் உழைப்பும் வீண், எங்கள் பணமும் வீண். காய்கறியையும் கீரையையும் ஆறு மாதம் கழித்து, இரு தரப்பும் ஒருவரையொருவர் அறிந்த பின் தொடங்குவது நல்லது.

யாரிடம் வாங்குவது

பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பகுதிகள் மிக அருகில் உள்ளன. ஆனேக்கல் வழியாகப் போனால் மாநில எல்லையைத் தாண்டிய சிறிது நேரத்தில் தளி வந்துவிடும். மானாவாரி ராகியும் அதற்குள் ஊடுபயிராக அவரை, துவரை, ஆமணக்கு, கடுகு ஆகியவையும் இன்னும் சேர்த்துப் பயிரிடப்படும் நிலம் அது. அங்கே வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் பலர்; தமிழும் பெரும்பாலோருக்குத் தெரியும். பெங்களூரில் வளர்ந்த நம் தமிழுக்கும் அவர்கள் தமிழுக்கும் ஒட்டுதல் எளிதில் வந்துவிடுகிறது.

ஆட்களைத் தேட இரண்டு வழிகள் எங்களுக்குப் பலனளித்தன. முதலாவது, ஓசூர் உழவர் சந்தை. தமிழ்நாட்டில் 1999இல் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தின்படி விளைவித்தவர்களே அமர்ந்து விற்கும் இடம் அது. விடியற்காலையில் போனால் பெண்கள் பலரைப் பார்க்கலாம். அங்கே விற்பவை எல்லாம் இயற்கை முறையில் விளைந்தவை என்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் எந்த ஊரில் யார் ரசாயன உரம் போடாமல் செய்கிறார்கள் என்பது சந்தையில் அமர்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். இரண்டாவது வழி மகளிர் சுயஉதவிக் குழுக்கள். தமிழ்நாட்டில் அரசு இந்தக் குழுக்களை முதன்முதலில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில்தான் அமைக்கத் தொடங்கியது. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் அப்போது அதற்குள் இருந்தது. எனவே கூட்டம் நடத்துவதும் கணக்குப் புத்தகம் எழுதுவதும் கடனைத் திருப்புவதும் அந்தப் பகுதிப் பெண்களுக்கு ஒரு தலைமுறைக்கு மேல் பழகிய வேலைகள். நாம் போய்க் கற்றுக்கொடுக்க வேண்டிய தேவை ஏதும் இல்லை.

குறைந்தது ஐந்து பெண்களாவது உள்ள குழுவாகப் பாருங்கள். ஒருவருக்கு விளைச்சல் தவறினாலும் மற்றவர்கள் தாங்குவார்கள். பின்னால் சான்றிதழ் பற்றிச் சொல்லும்போதும் இந்த ஐந்து என்ற எண் தேவைப்படும்.

முதன்முறை ஊருக்குப் போகும்போது ஒன்று நடக்கும். கட்டிலில் வீட்டு ஆண் அமர்ந்து நம்மிடம் பேசுவார். பெண் உள்ளே தேநீர் வைத்துக்கொண்டிருப்பார். இதற்காக முகம் சுளிக்க வேண்டாம். அவருக்கும் மரியாதை கொடுத்தே பேச வேண்டும். ஆனால் வேலை செய்தவருக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்விகளைக் கேளுங்கள். இரண்டாம் களைக்கு எத்தனை ஆள் பிடித்தது? விதை ராகியை எதில் கட்டி வைத்திருக்கிறீர்கள்? மாட்டுக்கு ராகித் தாள் எத்தனை மாதம் வந்தது? மூன்றாவது கேள்விக்குள் அவர் உள்ளே திரும்பி, “ஏம்மா, கொஞ்சம் வந்து சொல்லு” என்பார். பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

பட்டா யார் பேரில், கணக்கு யார் பேரில்

நம் நாட்டின் 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி, சாகுபடி நிலவுடைமைகளில் ஏறத்தாழ 14 சதவீதமே பெண்கள் பெயரில் நடைபெறுபவை. இந்துக் குடும்பங்களின் பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989இலும் கர்நாடகத்தில் 1994இலும் சட்டமாகி, 2005இல் நாடு முழுவதற்கும் வந்துவிட்டது. ஆனாலும் பட்டாவில் கணவர், மாமனார், மைத்துனர் ஆகியோரின் பெயர்களே இருக்கின்றன. பட்டா இல்லாததால் பயிர்க்கடனும் நில உடைமையை ஒட்டி வரும் உதவித்தொகையும் பெண் பெயருக்கு வருவதில்லை. பல அலுவலகப் படிவங்களில் அவள் ‘விவசாயியின் மனைவி’ ஆகிவிடுகிறாள். மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் நூறு வயதைக் கடந்த பிறகும் இரண்டரை ஏக்கரில் இயற்கை முறையில் பயிர் செய்த பாப்பம்மாளுக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது, அந்தச் செய்தியைக் காட்டி எங்கள் குழுப் பெண் ஒருவர், “அந்தம்மா பேருக்கு முன்னாடி விவசாயின்னு போட்டிருக்காங்க அக்கா” என்று அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பட்டாவை நாம் மாற்ற முடியாது. பணம் எந்தக் கணக்கிற்குப் போகிறது என்பதை நாம் முடிவு செய்யலாம். முதலாண்டில் நாங்கள் இதைக் கவனிக்கவில்லை. ஒருவர் கொடுத்த கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்பிக்கொண்டிருந்தோம். அது மகனுடைய எண் என்பதும், ராகிக்கான பணம் மகனுடைய இருசக்கர வாகனத் தவணைக்குப் போனதும் எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது. அந்த அம்மா அதை எங்களிடம் குறையாகச் சொல்லவில்லை, பேச்சுவாக்கில் வந்தது. அன்றிலிருந்து எங்கள் முறை இதுதான்: ஒவ்வொரு பெண்ணுக்கும் அவர் பெயரில் தனி வங்கிக் கணக்கு இருக்க வேண்டும், கூட்டுக் கணக்கு வேண்டாம். கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தை நேரில் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். யாருக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதைத் தாளில் எழுதி, சரக்கு எடுக்கப் போகும் நாளில் எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கும் தம் தொகை தெரிந்திருக்கும். வீட்டிலும் அது பலர் அறிந்த தொகை ஆகிவிடுவதால் எளிதில் காணாமல் போகாது.

விலை போடுதல்

இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. நகரத்துக் கடையின் விலையைப் பார்த்து அதிலிருந்து கழித்துக்கொண்டே போவது பலரின் வழக்கம். கொல்லையிலிருந்து தொடங்கிக் கூட்டிக்கொண்டே வாருங்கள். குழுப் பெண்களுடன் தரையில் அமர்ந்து, கொட்டைகளை வைத்து எண்ணியாவது, ஓர் ஏக்கருக்கு ஆன நாட்களைக் கணக்கிடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. மானாவாரி ராகி ஓர் ஏக்கரில் இரண்டு களையெடுப்புக்கு இருபது ஆள்நாள், அறுவடைக்கு எட்டு, அடித்துத் தூற்றிச் சுத்தம் செய்ய ஆறு, ஜீவாமிர்தம் தயாரித்து ஊற்ற நான்கு என முப்பத்தெட்டு நாட்கள் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 400 ரூபாய் என்றால் 15,200 ரூபாய். உழவுக்கு டிராக்டர் மூன்று மணி நேரம், மணிக்கு 1,200 வீதம் 3,600. எருவை ஏற்றி இறக்கிப் பரப்ப 3,000. மொத்தம் 21,800 ரூபாய். எழுநூறு கிலோ விளைந்தால் கிலோவுக்கு 31 ரூபாய்தான் அடக்கம். மழை தவறியோ யானை இறங்கியோ நானூறு கிலோவாகக் குறைந்தால் அடக்கம் 54 ரூபாய் 50 காசு. 2025–26க்கு ராகியின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய், அதாவது கிலோவுக்கு 48 ரூபாய் 86 காசு. மூன்று ஆண்டுகளில் இரண்டு நல்ல ஆண்டு, ஒன்று கெட்ட ஆண்டு என்று போட்டுப் பாருங்கள். ஆதரவு விலைக்கே விற்றால் கூலி போக அந்த ஏக்கரில் ஆண்டுக்குச் சராசரியாக ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் மிஞ்சும். அறுபது ரூபாய் கொடுத்தால் பதினான்காயிரத்துச் சொச்சம் மிஞ்சும். இந்த இரண்டு எண்களையும் எங்கள் தெருக் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பிறகு, விலை அதிகம் என்று யாரும் சொல்லவில்லை.

கூலி விகிதத்தில் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்ற ஊர் வழக்கத்தை நம் கணக்கிற்குள் கொண்டுவரக் கூடாது. இரண்டாவது, ‘சொந்தக் கொல்லையில் செய்ததற்குக் கூலி எதற்கு?’ என்று சில நேரங்களில் அந்தப் பெண்களே கேட்பார்கள். அப்போது 2025–26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கே நாளொன்றுக்கு 336 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டிருந்ததை நினைவூட்டுங்கள். ஏரிக்கரையில் மண் வெட்டினால் கூலி உண்டு, சொந்தக் கொல்லையில் களையெடுத்தால் கூலி இல்லை என்பது எந்த நியாயத்திலும் பொருந்தாது.

அந்த அறுபது ரூபாய்க்கு மேல் ஊரிலேயே சலித்துக் கல் பொறுக்கிக் கோணியில் கட்டுவதற்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய், குட்டியானை எனும் சிறு சரக்கு வண்டியின் வாடகை 3,500 ரூபாயை எழுநூறு கிலோவுக்குப் பங்கிட்டால் ஐந்து ரூபாய் என, வீட்டு வாசலில் ராகி 67 ரூபாய்க்கு வந்து சேரும். சாமைக்கு வேறு கணக்கு. உமி நீக்கினால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே அரிசியாகக் கிடைக்கும். அந்த உமி நீக்கும் வேலையை உரலில் குத்திச் செய்கிறார்களா, அரவைக்குக் கொண்டுபோகிறார்களா என்றும் கேளுங்கள். உரலில்தான் என்றால், வாங்கும் குழு முன்பணமாகக் கொஞ்சம் சேர்த்து, ஊரில் ஒரு சிறு உமி நீக்கும் இயந்திரத்திற்குப் பங்கு கொடுப்பது நல்ல செலவு. ‘கையால் குத்தியது’ என்ற சொல்லின் அழகுக்காக ஒருத்தியின் தோள்பட்டையைக் கேட்க நமக்கு உரிமையில்லை.

கொல்லையைப் பார்த்தலும் சான்றிதழும்

ஆண்டுக்கு இரண்டு முறையாவது, ஒரு முறை இரண்டாம் களையின்போதும் ஒரு முறை அறுவடைக்கு முன்பும், குழுவிலிருந்து நான்கு பேர் போய்ப் பார்க்க வேண்டும். எருக்குழி இருக்கிறதா, மாடு இருக்கிறதா என்று பாருங்கள். வரப்போரத்திலும் கிணற்றடியிலும் பூச்சிமருந்துக் காலிப் புட்டிகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். இதைச் சோதனை போலச் செய்யாமல் நடந்துகொண்டே பார்க்கலாம். அசுவினிப் பூச்சி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். உண்மையில் செய்பவர் அளவோடு சொல்வார்: ஐந்து கிலோ வேப்பம் பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, நூறு லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் தெளிப்போம் என்று. ‘ஏதாவது இயற்கையாகப் போடுவோம்’ என்ற பதில் போதாது. பக்கத்து நிலத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஓசூர் பகுதியில் ரோஜாவும் குடைமிளகாயும் வளர்க்கும் பசுமைக்குடில்கள் பல உள்ளன; அங்கே தெளிக்கும் மருந்து காற்றில் வரும். வரப்பில் ஆமணக்கோ அகத்தியோ அடர்த்தியாக நின்றால் ஓரளவு தடுக்கும். அந்த ஓரத்து நான்கு சால் விளைச்சலைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லலாம்.

சான்றிதழில் இரண்டு வகை உண்டு. ஏற்றுமதியையும் கருத்தில் கொண்டு 2001இல் தொடங்கிய தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தில், அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வந்து ஆய்வு செய்யும், கட்டணம் உண்டு. பங்கேற்பு உத்தரவாத முறை எனப்படும் பி.ஜி.எஸ். இந்தியா முறையில், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட விவசாயிகள் ஒரு குழுவாகி, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து உறுதி சொல்வார்கள். சிறு நிலம் வைத்திருக்கும் பெண்களுக்கு இரண்டாவதே ஏற்றது. எந்த வகையானாலும், பட்டியலில் யார் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வேலை செய்பவர் ஒருவரும் பெயர் உள்ளவர் வேறொருவருமாக இருப்பது சாதாரணம். பெட்டியில் அடைத்துக் கடையில் விற்கும் பொருளில் ‘ஜைவிக் பாரத்’ முத்திரை இருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை கூறுகிறது. சிறு விவசாயி நேரடியாக உண்பவருக்கே விற்கும்போது அதற்கு விலக்கு உண்டு.

ரசாயன உரத்திலிருந்து வெளியேறிய நிலம் உடனே சான்றிதழ் பெற்றுவிடாது. தேசியத் திட்டத்தில் ஆண்டுப் பயிர்களுக்கு மாறுதல் காலம் இரண்டு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டுகளில் விளைச்சல் குறையும், வேலை கூடும், முத்திரையும் கிடையாது. எனவே நல்ல விலையும் கிடைக்காது. பலர் கைவிடுவது அப்போதுதான். சான்றிதழ் வந்த பிறகு வாங்க ஆயிரம் பேர் வருவார்கள். மாறுதல் காலத்தில் முழு விலை கொடுத்து வாங்கும் குழுவே அந்த நிலத்தை உண்மையில் மாற்றுகிறது. எங்கள் பதினொரு பேரில் நால்வரை அப்படித்தான் சேர்த்தோம்.

ஓராண்டு அவர்களில் ஒருவர், பயிர் மஞ்சளித்ததைப் பார்த்துக் கணவர் அரை ஏக்கருக்கு யூரியா போட்டுவிட்டார் என்று தாமே வந்து சொன்னார். எங்கள் கூட்டத்தில் அவரை நீக்கிவிடலாம் என்றும் சிலர் சொன்னார்கள். அந்த அரை ஏக்கர் ராகியைத் தனி மூட்டையாக, சாதாரண ராகி என்று எழுதி, ஆதரவு விலைக்கு வாங்கினோம். மற்றதை வழக்கமான விலைக்கு வாங்கினோம். உண்மை சொன்னவரைத் தண்டித்தால் அடுத்த ஆண்டு உண்மை நம் காதுக்கு வராது. ஆய்வகத்தில் மருந்து எச்சம் பார்க்க ஒரு மாதிரிக்கே சில ஆயிரம் ரூபாய் ஆகும்; ஒவ்வொரு மூட்டைக்கும் அதைச் செய்ய முடியாத நமக்கு அவர்கள் வாய்ச்சொல்தான் ஆதாரம்.

முன்பணம்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழிக்குப் பின்னால் ஒரு பணமுடை இருக்கிறது. ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறக்கிறது, உழவுக்கும் எருவுக்கும் பணம் வேண்டும், சென்ற ஆண்டு ராகிப் பணம் தீர்ந்திருக்கும். காதில் கழுத்தில் இருப்பது அடகுக்கடைக்குப் போகும் மாதம் அது. ஆகவே ஆண்டுக்கு நாம் வாங்கப் போகும் ராகியின் மதிப்பில் முப்பது சதவீதத்தை ஜூன் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுகிறோம். இதற்கு வட்டி இல்லை. இருபத்திரண்டு வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும்போது ஒரு வீட்டின் பங்கு பெரிதாக இருப்பதில்லை.

விளைச்சல் முற்றிலும் தவறினால் என்ன செய்வது என்பதை முன்பணம் கொடுக்கும் அன்றே பேசி எழுதிவிடுங்கள். பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து ராகி முற்றும் கார்த்திகை, மார்கழியில் யானைகள் இந்தப் பகுதிக்கு இறங்குகின்றன. ஒரே இரவில் ஓர் ஏக்கர் போய்விடும். எங்கள் எழுத்தில், அப்படிப் போனால் முன்பணத்தில் பாதி அடுத்த ஆண்டுக் கணக்கில் சேரும், மறுபாதி வாங்குபவர்களின் நட்டம். நட்டம் வந்த பிறகு உட்கார்ந்து பேசினால் ஒரு பக்கம் கெஞ்சலும் மறுபக்கம் பெருந்தன்மையும் வந்துவிடுகின்றன. இரண்டும் இந்த உறவுக்குக் கேடு.

சரக்கு வரும் நாள்

கணக்குக்கு ஒருவர், ஊரோடு பேச ஒருவர், மூட்டை இறங்க ஒரு வீடு என்று மூன்று பொறுப்புகள் போதும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். எடை போட்டுப் பிரிப்பது மூன்று மணி நேர வேலை. அதை எந்த வீட்டில் மூட்டை இறங்குகிறதோ அந்த வீட்டின் பணிப்பெண்ணிடம் தள்ளிவிடுவது வெகு எளிது, எங்களிடமும் இரண்டு முறை நடந்தது. தளியில் ஒரு பெண்ணின் உழைப்புக்கு விலை எழுதிவிட்டு அல்சூரில் இன்னொரு பெண்ணின் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்வது கூடாது. ஒன்று, குழுவினரே பிரிக்க வேண்டும்; இல்லையென்றால் அதற்குக் கூலி நிர்ணயித்து, விருப்பம் கேட்டு, விலையில் சேர்க்க வேண்டும். இப்போது அந்தப் பணியைச் செய்பவர் அதே விலைக்குப் பொருளும் வாங்குகிறார்.

காய்கறி தொடங்கிய பின், ‘எனக்கு இது வேண்டும், அது வேண்டாம்’ என்ற பட்டியல் முறை வைக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு வீட்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று நிலையாக வைத்து, அந்த வாரம் விளைந்ததை ஏற்றுக்கொள்ளுங்கள். மார்கழியில் மூன்று வாரம் அவரைக்காய்தான் வரும். ஊறவைத்துத் தோல் பிதுக்கிப் பிதுக்குப்பருப்புக் குழம்பு வைக்கத் தெரிந்தவர்கள் மற்ற வீடுகளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். பெங்களூரில் அவரைக்காய் மணக்கும் மாதம் அது, யாருக்கும் அலுப்பதில்லை. களைக்கொல்லி படாத ராகிக் கொல்லையில் பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, மணத்தக்காளி என்று விதைக்காத கீரைகள் முளைக்கும்; களையெடுக்கும்போதே பெண்கள் மடியில் சேர்ப்பது அவற்றைத்தான். கன்னடத்தில் பெரகெ சொப்பு என்று இந்தக் கலவைக் கீரையையே சொல்வார்கள். இதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் அவர்கள் வீட்டு அடுப்புக்குப் போக மிஞ்சியதை மட்டும் கேளுங்கள்.

வண்டு பற்றி எல்லா வீடுகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கிடங்குகளில் தானியத்திற்குப் புகைமருந்து போடுவது வழக்கம். இந்தப் பருப்புக்கு அது இல்லை, ஆகையால் வண்டு வரும். ராகி தானியமாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது, மாவாக அரைத்தால் இரண்டு வாரத்திற்கு மேல் வைக்காதீர்கள். தீட்டாத சாமை அரிசியில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் இரண்டு மாதத்தில் சிக்குவாடை தட்டும், அளவாக வாங்குங்கள். துவரையைச் செம்மண் குழைத்துப் பூசிக் காயவைத்ததாகக் கேட்டு வாங்குவதும், கொள்ளையும் மொச்சையையும் இரண்டு வெயில் காட்டிக் காய்ந்த வேப்பிலையோடு மூடி வைப்பதும் போதுமான காவல். அடுக்குமாடியில் வெயில் இல்லாதவர்கள் மொட்டைமாடி உள்ள வீட்டில் சேர்த்துக் காயவைத்துக்கொள்ளலாம்.

குறை இருந்தால் இரண்டு நாளுக்குள், ஊரோடு பேசும் பொறுப்பில் உள்ள ஒருவர் வழியாக மட்டும் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வீடுகளிலிருந்து இருபத்திரண்டு குரல் ஒரு பெண்ணின் கைப்பேசிக்குப் போகக் கூடாது. கேட்காமல் பணத்தைக் கழிப்பதும் கூடாது.

ஆண்டுக் கணக்கு

அறுவடையும் போரடிப்பும் முடிந்து, புளி உலுக்கும் வேலை தொடங்குவதற்கு முன், தை மாதக் கடைசி ஞாயிறு ஒன்றில் குழுவினர் எல்லோரும் ஊருக்குப் போவது எங்கள் வழக்கம். குழந்தைகளையும் அழைத்துச் செல்கிறோம். சமையலை அவர்கள் தலையில் வைக்காமல் நாமே கட்டிக்கொண்டு போய் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். பிறகு அந்த ஆண்டு ஒவ்வொருவரிடமும் எத்தனை கிலோ வாங்கினோம், எவ்வளவு கொடுத்தோம், முன்பணத்தில் என்ன பாக்கி என்று படிக்கிறோம். ஆள்நாட்களை மீண்டும் எண்ணி, கூலி ஏறியிருந்தால் விலையை ஏற்றுகிறோம். அடுத்த ஆண்டுக்கு யார் எவ்வளவு விதைப்பார்கள் என்பதையும், விதை ராகி யாரிடம் நன்றாக இருக்கிறது என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள். அந்தப் பேச்சில் நாம் வாய் திறப்பதில்லை. கடைசியாக, ஜூன் முன்பணத்தின் தேதியைக் குறித்து, ஆண்டு முழுக்க வந்த கோணிகளை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான்கரை மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும். பொழுது சாய்ந்தால் காட்டோரச் சாலையில் யானை நிற்கும்.